ஆம்ப்ரோஸின் பெயர்

என் கணவர் ஆம்ப்ரோஸுக்குக் கல்லறை இல்லை. அவர் போருக்குப் போன கப்பல் கடலில் மூழ்கியது, உடல் கிடைக்கவில்லை. ஊர் நினைவுத் தூணில் பெயர் இருக்கிறது. ஆனால் அது நாற்பது பேருக்கு நடுவில், எல்லோருக்கும் சொந்தமான பெயர். எனக்கே எனக்கென்று நான் வைத்திருந்த பெயர் அவர் ஓட்டிய ரயில் எஞ்சினுக்குள் இருந்தது. ஓட்டுநர் நிற்கும் இடத்துக்கு மேலே, தங்க நிற எழுத்தில்.

எங்கள் பாதையில் அது வழக்கம். ஒரு எஞ்சினுக்கு ஒரு ஓட்டுநர், உள்ளே அவர் பெயர். ஆம்ப்ரோஸிடம் கரி அள்ளிப் போட்ட ஜெஸ்ஸி ஃபனெல்தான் பிறகு அதை ஓட்டினான். பெயரை மாற்ற வந்தவர்களிடம், "நான் இரவல் வாங்கி ஓட்டறேன்யா, போங்க" என்று சொல்லிவிட்டான்.

விக்டோரியா ராணி காலத்துச் சின்ன எஞ்சின்கள் அவை. தண்ணீர்த் தொட்டியை இரு விலாவிலும் சுமந்தபடி லண்டன் புறநகர் வண்டிகளை இழுத்தவை. மின்சார ரயில் வந்ததும் எங்கள் கிளைப் பாதைக்கு வந்தன. பிறகு கரி வேகன்களை நகர்த்தின. பிறகு ஒவ்வொன்றாக உடைபடப் போயின.

எங்களுடையதன் முறை வந்தபோது ஜெஸ்ஸி வீட்டுக்கு வந்தான்.

"பேர் இருக்கற தகட்டை மட்டும் வெட்டித் தரேன்னு உடைக்கற இடத்து மேஸ்திரி சொல்லியிருக்கார். வெளிய தெரிஞ்சா அவர் வேலை போயிடும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, மிசஸ் பெல்லிங்."

படுக்கைக்கு எதிர்ச்சுவரில் அதற்கு இடம் ஒழித்தேன். ஒரு மனிதரையே வீட்டுக்கு அழைத்து வருவதுபோல வெட்கமாக இருந்தது.

வழியனுப்பக் காலையில் ஷெட்டுக்குப் போனேன். எஞ்சின் பளபளத்தது. அதைத் துடைக்கும் ஷெட் ஆட்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல?" என்றார் அவர்களின் தலைவர் கோரிங்.

"அப்படியே உங்க மூஞ்சியையும் துடைச்சிருக்கலாம்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெஸ்ஸி கைகொடுக்க, ஏறினேன்.

உள்ளே முழுக்கப் புதுப் பெயின்ட். பெயர் இல்லை.

"நேத்து ஞாயித்துக்கிழமை வந்து அடிச்சோம்," கீழேயிருந்து கோரிங் சொன்னார். "உடைக்கற இடத்துல ஆம்ப்ரோஸ் பேர் மேல கண்டவனும் நெருப்பு வெச்சு வெட்டறதா? சும்மா மேல பூசலம்மா. மணல்தாள் போட்டு ஒரு எழுத்து விடாம தேச்சு எடுத்துட்டுத்தான் அடிச்சோம்."

"அடப்பாவி, கோரிங்..." என்று ஜெஸ்ஸி ஆரம்பித்தான். அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். கீழே அத்தனை முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அழகா இருக்கு," என்றேன்.

அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். ஓர் எழுத்தின் விளிம்பாவது தட்டுப்படும் என்று நினைத்தேன். கண்ணாடிபோல வழவழவென்றிருந்தது. அவர்கள் எதையும் அரைகுறையாகச் செய்பவர்கள் அல்ல.

"தகட்டையாவது வாங்கிட்டு வரட்டுமா?" ஜெஸ்ஸி என் காதருகே குனிந்து கேட்டான்.

"வெறுந்தகட்டை வெச்சு என்ன பண்ண? நீ கிளம்பு, ஜெஸ்ஸி."

இறங்கினேன். எஞ்சின் நகர்ந்து, வளைவில் மறைந்தது. கோரிங் என் அருகில் வந்து நின்றார்.

"ஆம்ப்ரோஸ் பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார், இல்ல?"

விரல் நுனியில் ஈரப் பெயின்ட் ஒட்டியிருந்தது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "ஆமா" என்றேன்.