பதின்மூன்றாம் நாள் கூட்டம்

தேநீர் இடைவேளையில் அருந்தவன் கேட்டது சாதாரணக் கேள்வியாகத்தான் தெரிந்தது.

"கூட்டக் கடிதம் எப்ப தங்கச்சி அனுப்பினனீங்கள்?"

"எட்டாம் தேதி, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை."

மிருணாளினி பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அந்த மண்டபத்தில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்கள் இருவர்தான். அவள் நில அறக்கட்டளையின் செயலாளர். அவர், அறக்கட்டளைக்கு வரவேண்டிய நிலத்தையே வாங்கக் காத்திருந்த கட்டடக் கம்பனியின் வழக்கறிஞர். கூட்டத்தை யாரும் வந்து பார்க்கலாம் என்பதால் காலையிலிருந்து பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

அருந்தவன் பிஸ்கட் எடுக்கவில்லை. அவருடைய பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. அவர் மெல்லச் சிரித்து, தொலைபேசியில் எதையோ குறித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு மிருணாளினியும் தன் விரல்களில் எண்ணினாள். ஒன்பதாம் தேதி ஒன்று, பத்தாம் தேதி இரண்டு. இன்றைய இருபத்தோராம் தேதிக்கு வந்தபோது பதின்மூன்று. மறுபடி எண்ணினாள். பதின்மூன்றுதான்.

கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவித்தல் இருக்க வேண்டும். கடிதம் போன நாளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அறக்கட்டளையின் விதிப்புத்தகத்தில் இருந்தது. அவள் சேர்த்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹோம்புஷில் இருந்த தன் வீட்டில், ஒரே கலண்டரில், ஒரே பேனையால், இறந்துபோன பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கும் இந்தக் கூட்டத்துக்கும் தேதி பார்த்தாள். செத்த நாளை முதல் நாளாக வைத்துத்தான் அவர்கள் வீட்டில் எண்ணுவார்கள். அதே கையோடு கடிதம் போன நாளையும் முதல் நாளாக வைத்துவிட்டாள்.

வாட்டில் க்ரீக்கில் மூடிக் கிடந்த பள்ளிக்கூட நிலத்தை அங்குள்ள ஆதிக்குடிக் குடும்பங்களுக்குத் திருப்பித் தர மாநில அரசு முன்வந்திருந்தது. நிலம் எல்லோருக்கும் பொதுவாக அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். யாரும் விற்க முடியாது. வீடுகளை நீண்ட குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம். யார் குடியிருப்பது, எதை எங்கே கட்டுவது எல்லாவற்றையும் அவர்களே கூடித் தீர்மானிப்பார்கள். உறுப்பினர்களின் தீர்மானம் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அரசுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் நிலம் பொது விற்பனைக்குப் போய்விடும்.

இன்று சனிக்கிழமை. வாக்கெடுப்பு பன்னிரண்டு மணிக்கு.

அவள் பின்வரிசைக்குப் போனாள்.

"அண்ணா, நீங்கள் இதைச் சொல்லப் போறியளோ?"

"இண்டைக்கு நான் ஏன் பிள்ளை சொல்லவேணும்?" அவர் குரல் கனிவாகவே இருந்தது. "திங்கட்கிழமை கழியட்டும். நீங்கள் பேசாமல் குறிப்பை எழுதுங்கோ. தேதிப் பிழை ஆருக்கும் வாறதுதானே."

பேசாமல் இருந்தால் இன்று எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். செவ்வாய்க்கிழமை அவருடைய கடிதம் வரும். தீர்மானம் செல்லாது. திருத்திக்கொள்ளவும் அப்போது நாள் இருக்காது. பேசினால் கூட்டம் இப்போதே, அவளால், இங்கேயே குலையும்.

அறக்கட்டளைத் தலைவர் டெனீஸ் குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, பஸ் ஓட்டுநர், எந்தப் பேச்சையும் வேலை செய்துகொண்டே கேட்கிறவள். மிருணாளினி சொல்லி முடித்ததும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒரு நாள்," என்றாள் டெனீஸ். "இந்த நிலத்தை எங்களிடமிருந்து எடுத்தவர்கள் ஒரு நாள்கூட அறிவித்தல் தரவில்லை. திருப்பி வாங்க மட்டும் பதினான்கு."

சிரிக்கவில்லை. விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள். ஈரக் கையோடு பக்கங்களைப் புரட்டி இருபத்தேழாம் விதியில் விரலை வைத்தாள். எல்லா உறுப்பினரும் எழுத்தில் சம்மதித்தால் அறிவித்தல் நாளைக் குறைக்கலாம். ஒருவர் மறுத்தாலும் முடியாது.

"நீயே போய்ச் சொல்லு," என்றாள்.

உறுப்பினர் இருபத்தொரு பேர். மண்டபத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். மிருணாளினி ஒலிவாங்கி இல்லாமல், நின்றபடி, தன் பிழையைச் சொன்னாள். ஏன் அப்படி எண்ணினாள் என்பதையும் சொன்னாள். முன்வரிசையில் ஒரு பெண் அவளுடைய பெரியப்பாவுக்காக வருத்தம் தெரிவித்தாள். பின்னால் இருந்து ஒருவர், நாங்கள் என்ன செத்தா போனோம், எங்களை ஏன் அந்தக் கணக்கில் சேர்த்தாய் என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை.

வராத இருவரில் ஒருத்தி தாதி, மருத்துவமனையில் வேலையில் இருந்தாள். மற்றவர் தூரத்தில், டபோ என்ற ஊர்ப் பக்கம் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். தாதியின் சம்மதம் ஐந்து நிமிடத்தில் வந்தது. லொறிக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. டெனீஸ் நான்கு தடவை அழைத்தாள். மண்டபம் ஒரு மணி வரைதான் அவர்களுக்கு; வாசலில் பிறந்தநாள் பலூன்களோடு அடுத்த ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். பன்னிரண்டு இருபதுக்கு அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு சம்மதம் என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினார்.

மண்டபத்துக்குள் சம்மதத் தாள் கைமாறிக் கைமாறிப் போய், அங்கிள் ரெஜ்ஜிடம் நின்றது.

ரெஜ் இந்தத் திட்டத்தை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். நாற்பது வருடம் வாடகை வீட்டில் இருந்தவர். தன் மகளுக்குச் சொந்தப் பெயரில் ஒரு வீடு வேண்டும், அதை அவள் விற்றாலும் வைத்திருந்தாலும் அது அவள் பாடு என்பது அவருடைய வாதம். இப்போது அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பேனையைத் தொடாமல் இருந்தால் போதும்.

அருந்தவன் எழுந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தார். கையெழுத்துப் போடும்படி உங்களை யாரும் வற்புறுத்த முடியாது, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னார்.

ரெஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாருடைய ஆள்?"

அருந்தவன் கம்பனியின் பெயரைச் சொன்னார்.

"அப்ப என் பக்கத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?"

அருந்தவன் தன் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினார். டெனீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை.

"டெனீஸ்," என்றார் ரெஜ், "நான் வேண்டாம் என்று சொல்லத்தான் காலையில் சவரம் செய்துகொண்டு வந்தேன்."

"தெரியும், அங்கிள்."

"அதைக் கையைத் தூக்கிச் சொல்வேன். உங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்துச் சொல்வேன். கலண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்ல மாட்டேன்."

கையெழுத்துப் போட்டார். பேனை எழுதவில்லை. அழுத்தி மறுபடி போட்டார்.

வாக்கெடுப்பு மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஆதரவாகப் பதினான்கு, எதிராக ஐந்து. ரெஜ்ஜின் கை எல்லோரும் இறக்கிய பிறகும் உயர்ந்தே இருந்தது. அருந்தவன் தன் பையை எடுத்துக்கொண்டு பலூன்களுக்கிடையில் வெளியேறினார். அவளைப் பார்க்கவில்லை.

கதிரைகளை அடுக்கத் தொடங்கியபோது ரெஜ் அவள் மேசைக்கு வந்தார். இன்றைய பிழையைக் குறிப்பில் எழுதினாயா என்று கேட்டார். எழுதவில்லை என்றாள்.

"எழுது. எங்களுடைய கூட்டம். என்ன நடந்ததோ அது முழுவதும் இருக்க வேண்டும்."

டெனீஸும் மறுக்கவில்லை. மிருணாளினி தட்டச்சு செய்தாள். அறிவித்தல் ஒரு நாள் குறைவாக இருந்தது. தவறு செயலாளர் மிருணாளினியுடையது. கூட்டம் தொடர எல்லா உறுப்பினரும் எழுத்தில் சம்மதித்தனர். ரெஜ் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார்.

"சரி," என்றார். "இப்ப, வேண்டாம் என்று கை தூக்கிய ஐந்து பேரின் பெயரையும் போடு. என் பெயர் முதலில் வரட்டும்."