தொட்டிக்குள் அய்யாவு

சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் போட்ட மறு வருஷம், ஜொகூர் பாரு சர்க்கார் பட்டறையில் தகர வேலைக்காரர்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். தேறியவர் முதல் கிளாஸ் மேஸ்திரி. அய்யாவு பெயர் கொடுத்த அன்றே அவர் மனைவி காளியம்மா லயன் வீடுகள் முழுக்கச் சர்க்கரை வழங்கிவிட்டாள். அக்கம்பக்கத்தில் அவளை "மேஸ்திரி வீட்டம்மா" என்று கூப்பிடவும் ஆரம்பித்துவிட்டார்கள். இனி அய்யாவு தோற்க வழியே இல்லை.

பரீட்சை இதுதான்: கோத்தா திங்கி ரெஸ்ட் ஹவுசுக்கு, மூடி போட்ட மழைத்தண்ணீர்த் தொட்டி ஒன்று. சொட்டு ஒழுகக் கூடாது. வரைபடம் பட்டறைத் துரை போட்டது.

அய்யாவு தகடு வெட்டி வளைத்து நெஞ்சுயரத்துக்குத் தொட்டியை நிறுத்திவிட்டார். மூடி பொருத்தும்போது ஒருவர் உள்ளே நின்று ஆணி முனைக்கு எதிரே இரும்புக்கட்டையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வெளியே அடிக்க வேண்டும். கூட்டாளி தங்கராஜு ஒல்லி. அவன் இறங்கியிருக்கலாம். ஆனால் உள்மூலையில் ஈயம் பற்றவைக்கிற வேலையை இன்னொருவன் கையில் விட அய்யாவுக்கு மனசு வரவில்லை.

"பரீட்சை எனக்கா, ஒனக்கா?" என்று கேட்டு, தானே உள்ளே இறங்கினார். தங்கராஜு மூடியை வைத்து, சுற்றிலும் அடித்து முடித்தான். ஈயமும் பற்றவைத்தாகிவிட்டது.

வரைபடத்தில் இருந்தபடியே மூடியில் வெட்டிய வாய் வழியாக அய்யாவு தலையை நீட்டினார். தலை வந்தது. ஒரு கை வந்தது. வயிறு வரவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிண்ணே," என்றான் தங்கராஜு.

"இழுத்துட்டேன்டா. இதான் இழுத்த வயிறு!"

அதற்குள் துரை வந்துவிட்டார், கூடவே கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி சிவசம்பு.

"அய்யாவு, நீர் ஏன் அதுக்குள்ள நிக்கிறீர்?" என்றார் சிவசம்பு.

"உள்ளே ஒழுகுதான்னு பாக்கறேங்க, கிராணியாரே."

துரை விஷயத்தைக் கேட்டு, மூடியைப் பிரிக்கச் சொன்னார். அய்யாவுக்குச் சர்க்கரை தின்ற வாயெல்லாம் கண்முன் வந்தது.

"பிரிச்சா பரீட்சை போச்சுங்க! தண்ணிய ஊத்தச் சொல்லுங்க. நான் இப்படியே நின்னுக்கறேன்."

சிவசம்பு தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். துரை ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வாளி வாளியாக ஊற்றினார்கள். தண்ணீர் இடுப்புக்கு ஏறி, நெஞ்சுக்கு ஏறியது. தூக்குச்சட்டியோடு வந்த காளியம்மா, தொட்டிமேல் புருஷன் தலை மட்டும் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அலமாக்! என்னங்க இது?"

"பரீட்சை நடக்குது. சும்மா நில்லு."

"தின்னுகிட்டே எழுதலாமா?" என்று அவள் ஒரு கவளத்தை உருட்டி அவர் வாயில் வைத்தாள். பட்டறையே சிரித்தது. துரை மட்டும் சிரிக்காமல், வெள்ளைக் கைக்குட்டையால் தொட்டியை அடிமுதல் மேல்வரை தடவினார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது.

"பாஸ்," என்றார். பிறகு வரைபடத்தை விரித்துப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"வாய் சின்னதாப் போட்டது தன்ர பிழையாம்," என்றார் சிவசம்பு. "பெருசா வெட்டிக்கொண்டு வெளிய வரட்டாம்."

தண்ணீரை வடித்தார்கள். முதல் கிளாஸ் மேஸ்திரி அய்யாவு உள்ளிருந்தபடியே கத்தரியால் வாயை அகட்டி, ஓரம் மடித்து, சொட்டச் சொட்ட வெளியே ஏறி வந்தார். காளியம்மா முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டு, லயனுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு முன்னால் நடந்தாள்.