எண்ணினால் ஆறு

கனடாவின் ஹாமில்டன் நகரில், பார்ட்டன் தெருவுக்கு வடக்கே, உருக்காலைப் புகை துணிக்கொடி வரை வந்துபோகும் எங்கள் தெருவில், லுசிண்டா மெடெய்ரோஸ் தன் வீட்டிலேயே மற்றவர்களின் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். எண்ணினால் ஆறு பேர் இருந்தார்கள். ஒரு நவம்பர் செவ்வாய்க்கிழமை அது தொடங்கியது. ஐந்து பேருக்கும் பனி உடுப்பு மாட்டி வாசலுக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் பிடித்திருந்தது. முதலில் மாட்டியவனுக்கு அதற்குள் மூத்திரம் முட்டிவிட்டது. ஒருவழியாகப் பூங்காவுக்குக் கிளம்பும்போது தலைகளை எண்ணினாள், ஆறு வந்தது. ஒவ்வொருவராகப் பேர் சொல்லிப் பார்த்தாள், ஐந்து பேரோடு முடிந்தது. தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை. மறுபடி எண்ணினாள், மறுபடி ஆறு. பிள்ளை பார்ப்பவர்கள் கதவைத் தாண்டும்போதும், திரும்பும்போதும், தூங்கவைக்கும்போதும் எண்ணிக்கொண்டே இருப்பவர்கள். அசதியில் எண்ணினால் ஒன்று குறையுமே தவிர அதிகமாகாது என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாளும் ஆறு. காய்ச்சல் பரவி மூன்று பேர் வராத வாரத்தில், வந்த இருவரை எண்ணினால் மூன்று. பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்குப் போனார்கள், வேறு பிள்ளைகள் வந்தார்கள், அந்த ஒன்று மட்டும் கூடுதலாகவே இருந்தது. தெருவில் நடத்திக் கூட்டிப்போக வளையங்கள் கோத்த கயிறு ஒன்று வைத்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு வளையம், கடைசியில் ஒன்று உபரி. யாரும் பிடிக்காத ஆறாவது வளையம் தொங்கவில்லை. சின்னக் கை உயரத்தில் விறைப்பாகக் கூடவே வந்தது, எதிரே நாய் வந்தால் கொஞ்சம் பின்வாங்கியது.

லுசிண்டா கல்யாணமாகி போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்தவள். மூன்று முறை உண்டாகி மூன்று முறையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு தெருவில் யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. டே கேர் ஆரம்பித்தாள். கணவன் ஆர்தூருக்கு உருக்காலையில் இரவு ஷிப்ட், பகலெல்லாம் மாடியில் தூங்குவான். அவனை ஒரு லீவு நாளில் எண்ணச் சொன்னாள். எண்ணிவிட்டு, "இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு கரண்டி சூப்புதானே?" என்றான். பங்குச் சாமியாரோ, பிள்ளை குறைந்தால் என்னிடம் வா, கூடினதற்கெல்லாம் கோயிலில் பரிகாரம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

உண்மையில் அந்த வீட்டுக்கு அதனால் நன்மைதான். தாய் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் புதுப் பிள்ளைகள் வாரக்கணக்கில் அழுவது வேறெங்கும் நடப்பது. லுசிண்டா வீட்டில் இரண்டாம் நாளே ஓய்ந்துவிடும். அழுகிற பிள்ளை மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும். பார்த்தால் கை மட்டும் யாரோ பிடித்திருப்பதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். பெற்றவர்கள் அவளுக்கு நன்றி சொல்லி ஒயின் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அதை வாங்கி வைத்துவிட்டு, தான் யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் ஆறாவது கிண்ணத்தில் அரிசிப் பாயசத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினாள். அந்தக் கிண்ணமும் காலியாகும்.

நாலு வருடம் இப்படிப் போனது. இடமில்லை, ஐந்தும் நிரம்பிவிட்டது என்று அவள் திருப்பி அனுப்பிய ஒரு தாய், ஒருநாள் வேலி வழியாக எட்டிப் பார்த்து எண்ணினாள். அவளுக்கு வயிற்றெரிச்சல் வந்ததைத் தப்பு சொல்ல முடியாது. புகார் போனது, மாகாணத்திலிருந்து ஹார்ட்விக் என்ற அதிகாரி வந்தார். தனியாக டே கேர் நடத்துபவர் ஐந்து பிள்ளைகளுக்குமேல் வைத்துக்கொள்ளக்கூடாது. அவர் எண்ணினார், ஆறு. பேர் கேட்டு எழுதினார், ஐந்து. மரியாதையான மனிதர், அவசரப்படவில்லை. ஆறு நட்சத்திர ஸ்டிக்கர்களை வெட்டியெடுத்து, பிள்ளைக்கு ஒன்றாக நெஞ்சில் ஒட்டினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பேர் சொல்லி நட்சத்திரங்களைச் சரிபார்த்தார், ஐந்துதான். தன் காலணிக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். மதியம்வரை இருந்து, அவள் கொடுத்த இனிப்பு ரொட்டியைச் சாப்பிட்டு முடித்து, "சட்டம் பேரை எண்ணல மேடம், தலையைத்தான் எண்ணுது," என்று வருத்தத்தோடு சொன்னார். இரண்டு வாரத்தில் ஒரு பிள்ளையைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான்.

குறைப்பதென்றால் கடைசியாகச் சேர்ந்த இமானியைத்தான் குறைக்க வேண்டும். அவளுக்கு இரண்டு வயது. தாய் ஷனெல் நகரப் பேருந்து ஓட்டுபவள், விடியுமுன் முதல் வண்டியை எடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கதவு திறக்கிற வீடு ஹாமில்டனில் இது ஒன்றுதான். "பரவாயில்ல லுசிண்டா, நான் எப்படியாவது பாத்துக்கறேன்," என்றாள் ஷனெல். அவளால் பார்த்துக்கொள்ள முடியாது என்று தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி, அந்த இன்னொன்றைச் சாம்பிராணி போட்டு விரட்டிவிடு என்று யோசனை சொன்னாள். "விரட்டறேன். எதுன்னு நீயே வந்து கையைக் காட்டு," என்றாள் லுசிண்டா. பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்று பார்த்தாள். ஆறு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரையும் கை காட்டாமல் தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

வழி ஒன்று இருந்தது. உரிமம் பெற்ற ஏஜென்சியின்கீழ் சேர்ந்தால் ஆறு பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அத்தனை வருடமும் லுசிண்டா அதை மறுத்தே வந்தாள். என் அடுப்பில் என்ன வேக வேண்டும் என்று இன்னொருத்தி வந்து சொல்வதா என்பது அவள் கட்சி. அந்த ரோஷத்தை விழுங்கிவிட்டு அவள் ஏஜென்சிக்குப் போன் செய்தாள்.

வந்தவள் மார்வா, செயின்ட் வின்சென்ட் தீவுக்காரி, முப்பது வருடமாக இப்படி வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவள். மாடிப்படிக் கதவை அளந்தாள். குழாய் வெந்நீரில் தெர்மாமீட்டர் வைத்தாள். பிளீச் பாட்டிலை ஒரு தட்டு மேலே ஏற்றச் சொன்னாள். சூப்பை ருசி பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னாள். லுசிண்டா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். பிறகு பிள்ளைகளை எண்ணி ஆறு என்று எழுதிக்கொண்டு, ஃபைல்களைக் கேட்டாள். பிள்ளைக்கு ஒரு ஃபைல் வேண்டும்: பெற்றவர் கையெழுத்து, தடுப்பூசி விவரம், மாலையில் கூட்டிப்போக வருபவர் பேர். மேசையில் ஐந்து இருந்தன.

"ஆறாவது ஃபைல்?"

லுசிண்டா எல்லாவற்றையும் சொன்னாள். மார்வா சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. ஃபைல் இல்லாத பிள்ளையை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது, இது தீராமல் ஏஜென்சியில் சேர்க்க முடியாது, சேராவிட்டால் பழைய ஐந்துதான், இமானி போக வேண்டியதுதான் என்று சொல்லிப் பேனாவை மூடினாள். பிறகு ஏதோ தோன்றியதுபோல் கேட்டாள்:

"சாயங்காலம் அத யாரு வந்து கூட்டிட்டுப் போறாங்க?"

"யாரும் வர்றதில்ல."

"எல்லாப் பிள்ளைங்களும் போனப்புறம் எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

லுசிண்டா மேசை விரிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். இதை அவள் ஆர்தூரிடம்கூடச் சொன்னதில்லை. "தெனமும் எண்ணுவேன்," என்றாள். "ஒண்ணு."

மார்வா பேனாவைத் திறந்து, படிவத்தை மறுபக்கம் திருப்பினாள். வீட்டுக்காரியின் நாலு வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளையும் எண்ணிக்கையில் சேரும். ஆனால் அதற்குத் தனி ஃபைல் தேவையில்லை, கூட்டிப்போக ஆளும் தேவையில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த கேள்வி லுசிண்டாவுக்குப் பழக்கமானது. ஆஸ்பத்திரியில், குடியுரிமை அலுவலகத்தில், பங்குப் பதிவேட்டில் எல்லாம் அந்த இடத்தில் வேகமாக ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள்.

"உங்களுக்குச் சொந்தப் பிள்ளைங்க எத்தனை?"

"ஒண்ணு," என்றாள் லுசிண்டா. சொன்ன பிறகுதான் அழுதாள். மார்வா அடுப்படித் துண்டை எடுத்துக் கொடுத்து, "மெதுவா. அவசரமில்ல," என்றாள். அன்று அவளுக்கு இன்னும் மூன்று வீடுகள் பாக்கி இருந்தன.

பேர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஷிப்ட் முடித்துத் தூங்குகிற ஆர்தூரை லுசிண்டா எழுப்பினாள். அதுவரை அவள் அப்படிச் செய்ததே இல்லை. கன்னத்தில் தலையணை மடிப்போடு இறங்கி வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் யோசிக்கவே இல்லை. "நசரே," என்றான். முதல் முறை அவள் உண்டானபோதே வைத்த பேர், அவளிடம் சொன்னால் தாங்கமாட்டாள் என்று உள்ளேயே வைத்திருந்தானாம். மார்வா எழுத்துக்கூட்டி எழுதினாள். ஆணா பெண்ணா என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். வயது, நாலுக்குள்.

இமானி இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறாள். வேலி வழியாக எண்ணிய தாயின் கடைசிப் பிள்ளைகூட அங்கேதான் வளர்ந்தது. மூன்று மாதத்துக்கொரு முறை மார்வா சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சூப்பை ருசி பார்த்து, ஆறு என்று எண்ணிக் கையெழுத்துப் போடுகிறாள். நசரேக்கு வயது இன்னும் நாலுக்குள்தான். ஏஜென்சி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. ஆர்தூர் வேலைக்குக் கிளம்பும்போது லுசிண்டாவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் குனிந்து இன்னொன்றும் கொடுத்துவிட்டுப் போகிறான்.