நத்தை ஓட்டுப் பாசி தெற்குக் கரைக்குப் போன விதம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் அக்காவிடமிருந்து சுட்டது. பாறை நத்தைகளின் ஓட்டில் வளரும் ஒரு பாசியை அவள் ஆராய்கிறாள். அது நத்தையின் முதுகைத் தவிர வேறெங்கும் குடியிருக்காது. நத்தையோ பாறையை விட்டு இறங்காது. வடக்குப் பாறைகளுக்கும் தெற்குப் பாறைகளுக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர் வெறும் மணல். வடக்கே மட்டும் இருந்த பாசி, இரண்டு வருடங்களுக்கு முன் தெற்கே எப்படி முளைத்தது?

நீரோட்டம் கொண்டுவந்தது என்கிறாள் அக்கா. அன்றிலிருந்து தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பார்த்து ஓடுகிறாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. திங்கட்கிழமை கட்டுரையை அனுப்பப்போகிறாள்.

2

கதைக்கு முதல் வரி: "கடல் அன்று" (கடல் அன்று என்ன செய்தால் எனக்கென்ன? அடித்துவிட்டேன்.)

"பாசிக்குக் கால் இல்லை, ஆனாலும்" (மேதாவித்தனம். இதுவும் போகட்டும்.)

"ஆய்வுக்கூட உதவியாளர் ஒரு சோம்பேறி." இது தேறும். கொண்டுவந்து படம் பிடித்த நத்தைகளில் உயிரோடிருப்பவற்றை எண்ணி, எடுத்த பாறையிலேயே திரும்ப விட வேண்டும் என்பது அங்கே கறாரான விதி. ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். நத்தை வாளியை உதவியாளரிடம் கொடுத்து வடக்கே அனுப்புகிறாள். அவரோ அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட அலுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த தெற்குப் பாறையில் கவிழ்த்துவிட்டு, அறுபது நத்தை விட்டதாகச் சொல்லிவிடுகிறார்.

3

இந்த உதவியாளர் எனக்கு ஒட்டவே இல்லை. மீசை வைத்துப் பார்த்தேன், மூட்டுவலி கொடுத்துப் பார்த்தேன். மனுஷன் மசியவில்லை. ஏனென்றால் அப்படியொரு ஆளே கிடையாது. வாளியைக் கவிழ்த்தது நான்தான்.

(இந்த வரியை நான்கு முறை அடித்தேன். ஐந்தாம் முறை விட்டுவிட்டேன்.)

எல்லாம் ஒரே கடல்தானே என்று நினைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

4

நான் வாயைத் திறக்கவில்லை, கட்டுரை வெளியாகி அக்காவுக்குப் பேர் கிடைக்கிறது என்று ஒரு முடிவு. வேறு யாரோ கண்டுபிடித்து அவள் மானம் போகிறது என்று இன்னொன்று. இரண்டையும் எழுதிப் பார்த்தபின் இருப்புக்கொள்ளவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்க் கொடுத்தேன்.

மூன்றாம் பகுதி வரை படித்தாள்.

"எருமை," என்றாள். தாள்களை மேசையில் வைத்துவிட்டு, "ரெண்டு வருஷம்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் கட்டுரையைக் குப்புறப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் கரையை வரைய ஆரம்பித்தாள்.

"எந்தப் பாறைல கொட்டுன?"

"படிக்கட்டு பக்கத்துல, தட்டையா இருக்குமே, அது."

"என்னிக்கு?"

"உனக்குக் காய்ச்சல் வந்த மறுநாள்."

"அப்ப எங்க, எப்ப கிளம்புச்சுன்னு தெரியும். அங்கேர்ந்து எவ்ளோ தூரம் பரவியிருக்குன்னு அளந்துடலாம். முதல்லேர்ந்து எழுதப்போறேன். நீ பண்ணினதும் அதுல வரும்."

"வரட்டும்."

குறிப்பேட்டைப் புரட்டினாள். "அறுபதுன்னு சொன்னியே, எண்ணித்தானே விட்ட?"

5

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள்கூட நம்பியிருப்பீர்கள். இல்லாததை உண்டாக்குவதுதானே என் பிழைப்பு?

"எண்ணலக்கா."

அறுபதை அடித்தாள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. அந்த இடம் இங்கேயும் காலியாகவே இருக்கட்டும். தயவுசெய்து நீங்களாக ஒரு எண்ணைப் போட்டு இதை முடித்துவைக்காதீர்கள்.