கொப்பளிக்கணுமா, கூடாதா

அண்ணனும் அண்ணியும் லீவு போட முடியாத நாளாகப் பார்த்துத்தான் அவர்கள் மகளுக்குச் சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அத்தை காலையிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பல்லை எடுத்து, நேரே கடைக்கு அழைத்து வந்தாள்.

மருமகளுக்கு எட்டு வயது. வீட்டில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்போதுதான் நிற்கும். அப்பேர்ப்பட்டவள் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களை எல்லாம் முறைத்தாள். அத்தைக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இவ்வளவு அமைதியாக இவளோடு ஒரு காலைப்பொழுது கழிந்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அப்போதுதான் பிரித்துப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கிப் போயிற்று. நகலுக்கு நகல், அந்த நகலுக்கும் நகல் என்று எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் செத்துப் போயிருந்தது. பதினோரு வருடமாக இதே தொழிலில் இருப்பவளுக்கு வயிறு எரிந்தது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, துப்பக் கூடாது, சூடாக எதுவும் கூடாது, மரத்துப்போன உதட்டைக் கடிக்க விடக் கூடாது. இதுவரைக்கும் படிக்க முடிந்தது. கடைசி வரியில் ‘உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க’ என்பதோடு சரி. அதற்கப்புறம் ஒரே கறுப்புத் திட்டு.

“கொப்பளிக்கணுமா, கூடாதா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

விண்ணப்பம் நகலெடுக்க வந்திருந்த தபால்காரர், “இதுல என்ன சந்தேகம்? உடனே கொப்பளிக்கணும். புண்ணுல்ல?” என்றார்.

நூல் நிறம் பார்க்க வெளிச்சத்துக்கு வந்த பக்கத்துக் கடை தையல்கார அக்கா விடவில்லை. “ஐயோ சார், புள்ளைய கொன்னுடாதீங்க. கொப்பளிச்சா ரத்தம் நிக்கவே நிக்காது.”

“நான் நாலு பல்லு எடுத்தவன்மா.”

“நான் ரெண்டு புள்ளைக்கு எடுத்துப் பாத்தவ.”

பேச்சு முற்றியது. வாயைத் திறக்க முடியாத மருமகள் ஒரு கழிவுத் தாளை எடுத்து விறுவிறுவென்று எழுதி நீட்டினாள்: ‘பல்லு என்னோடது. டாக்டரையே கேளுங்க.’

தபால்காரர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி போன் நாலு தடவை பிஸி. ஐந்தாவது தடவை நர்ஸ் எடுத்தாள். “இன்னிக்கு வேண்டாம்மா. கொப்பளிச்சா அங்க உறைஞ்சிருக்கிற ரத்தம் கலைஞ்சுடும். நாளைக்குக் காலைல இருந்து வெதுவெதுப்பா, மெதுவா பண்ணச் சொல்லுங்க. பஞ்சு வச்சு அரை மணி ஆச்சுன்னா எடுத்துடலாம்.”

தையல்கார அக்கா ஜெயித்த முகத்தோடு நூலை எடுத்துக்கொண்டு போனாள். அத்தை பஞ்சை எடுத்துப் பார்த்தாள். லேசான சிவப்புதான்.

அப்பாடா என்று மெஷின் பக்கம் திரும்பி இருபது பக்கம் ஓட்டியிருப்பாள். மறுபடி பார்த்தால், பெண் கீழுதட்டைச் சப்பிச் சப்பி மென்றுகொண்டிருக்கிறாள்.

“கடிக்காதடி, புண்ணாயிடும்.”

“வலிக்கவே இல்ல அத்தை. வேற யாரோடயோ உதடு மாதிரி இருக்கு.” ‘உதடு’ என்பது ‘உசசு’ என்று வந்தது.

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதே வேலை. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். பேசும்போது மட்டும் அவள் உதட்டைக் கடிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஒரு பெருமூச்சு விட்டு, “சரி, பேசு” என்றாள் அத்தை.

“என்ன பேச?”

“என்ன வேணாலும் பேசு. மெதுவா, ஆனா நிறுத்தாம.”

இப்படி ஒரு உத்தரவு அவளுக்குப் பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை. வகுப்பில் யார் யாரோடு டூ விட்டிருக்கிறார்கள், கணக்கு டீச்சரின் கைப்பையில் என்னென்ன இருக்கிறது, அப்பா குளியலறையில் பாடும் பாட்டில் எந்த இடத்தில் வரி மறந்து போகும் என்று கொட்டித் தீர்த்தாள். கொழகொழவென்று பாதி புரியவில்லை. அத்தை ‘ம்’ கொட்டிக்கொண்டே அந்தத் தாளைப் புதிதாக டைப் அடித்தாள். கடைசி வரியில், ‘முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது’ என்று எழுத்தைப் பெரிதாக்கினாள்.

மூன்று மணிக்கு மரப்பு விட்டது. பேச்சு பாதியில் நின்று, கண்ணில் நீர் கட்டியது. டாக்டர் தந்த வலி மருந்தை அளந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, அத்தை கடையைப் பாதி சாத்தினாள். இருவரும் ஒரே கிண்ணத்தில் ஐஸ்கிரீமை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தை மடியிலேயே அவள் தூங்கிப்போனாள்.

ஆறு மணிக்கு அண்ணன் பதறிக்கொண்டு வந்தான். “ரொம்ப படுத்திட்டாளா?”

“அதெல்லாம் இல்ல. ஆமா, நீ ரெண்டாவது சரணத்துல ஏன் எப்பவும் முழிக்கிற?”

அண்ணன் மகளைப் பார்த்தான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.