ஒரு பிள்ளை இன்னும் வரவில்லை

"மோனிஷா!" என்று கீழே மைதானத்திலிருந்து குரல் போனது.

"வந்துட்டேன் சார்!" என்று மேல் வளைவில், பனிமஞ்சுக்குள்ளிருந்து பதில் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் குருவம்மாளுக்கு மூச்சு சீரானது. மகள் ஓடப் போகும் ஒவ்வொரு காலையும் அவளுக்கு இதே கதைதான். மைதானத்தை ஒட்டிய, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில், கொழுந்து எடுக்கக் கட்டும் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டே காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நிற்பாள். கண்ணால் பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது. வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கிற அந்த எஸ்டேட்டில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் பக்கத்துத் தேயிலைச் செடிகூடப் பத்து மணிக்கு மேல்தான் தன் முகத்தைக் காட்டும். அதுவரை எல்லாம் குரல்தான். வேலைக்கு வந்தவர்களைப் பேர் சொல்லி அழைக்கிற சூப்பர்வைசருக்கும் குரல்தான் கணக்கு. யாராவது ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வந்தால், பக்கத்தில் நிற்கிறவள் தொண்டையை மாற்றிக்கொண்டு அவளுக்காக "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிடுவாள். அப்படி இன்னொருத்திக்காகக் குரல் கொடுக்காதவள் அந்த மலையில் ஒருத்தியும் இல்லை. அதை யாரும் பொய் என்று சொல்வதுமில்லை.

பாண்டீஸ்வரன் சார் ஓட்டம் பழக்குவதும் அந்தக் குரலை வைத்துத்தான். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகள் குறைந்து வேலை போன பிறகு மத்தியானத்தில் ஆட்டோ ஓட்டுகிறார், காலையில் சம்பளமில்லாமல் விசில் ஊதுகிறார். மேல் வளைவுக்கு வந்ததும் அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், பிள்ளை பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் இறங்கி வந்து சேர்ந்த பிறகுதான் நீளமாக ஒரு விசில் ஊதி அன்றைய ஓட்டத்தை முடிப்பார். கடைசிப் பிள்ளை வராமல் அவர் மைதானத்தை விட்டு நகர மாட்டார். இதெல்லாம் அந்தக் காலம். இப்போது ஓடுகிற பிள்ளைகள் யாரும் அந்த நீள விசிலைக் கேட்டதே இல்லை.

ஏனென்றால் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகும் அவர் இன்னொரு பேரைக் கூப்பிடுவார்.

"ஆனந்தி!"

பதில் வராது. காத்திருப்பார். மறுபடி ஒருமுறை. பிறகு கடிகாரத்தையும் விசிலையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோவை எடுக்கப் போய்விடுவார்.

ஆனந்தி அவர் பழக்கிய முதல் பிள்ளை. எட்டு வருடத்துக்கு முன்னால் கீழ்நாட்டுக் கல்லூரி ஒன்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. மாலை, போட்டோ, ஜீப்பில் ஊர்வலம் எல்லாம் நடந்தது. இரண்டாம் வருடம் முழங்கால் போனது. கால் போன பிறகு ஹாஸ்டலில் கட்டில் போனது, சோறு போனது, கடைசியில் பையும் கையுமாக எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். பாண்டீஸ்வரன் சார்தான் அவளைத் தேற்றி, "மெதுவா ஒரு ரவுண்டு போயிட்டு வா தாயி" என்று ஒரு மஞ்சுக் காலையில் ரோட்டில் விட்டார். போனவள் வரவில்லை. வனத்துறையும் ஃபயர் சர்வீசும் வந்து தேடின. ஆறு என்றார்கள், புலி என்றார்கள், எவனுடனோ போய்விட்டாள் என்றும் நாக்கில் நரம்பில்லாமல் சொன்னார்கள். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. அதிலிருந்து அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். லயத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனந்தியின் அம்மா பேச்சியம்மாள் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள்.

மோனிஷா மாநில ஓட்டப் போட்டியில் மெடல் வாங்கிய வாரத்தில் யாக்கோபு வந்தார். கோட்டயம் பக்கத்துக் கல்லூரியில் ஓட்டம் பழக்குகிறவர். தங்கமான முகம். குருவம்மாள் கொடுத்த கட்டஞ்சாயாவை ஊதி ஊதிக் குடித்தார்.

"சேச்சி, ஒண்ணும் பேடிக்க வேண்டாம். குட்டிக்கு சீட்டு, ஹாஸ்டல், ஆகாரம், ஷூ எல்லாம் காலேஜ் பாத்துக்கும்."

வீட்டுக்காரர் வீரபாண்டி ஃபாக்டரியில் ஷிப்டில் இருந்தார். வீட்டில் இருந்திருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பார். கேட்க வேண்டியதைக் குருவம்மாளே கேட்டாள்.

"எம்மவளுக்குக் காலு போயிட்டா?"

யாக்கோபு டம்ளருக்குள் பார்த்தார். "அங்ஙனெ ஒண்ணும் வராது" என்றார். ஆட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன்கூட இதைவிடத் தெளிவாகப் பேசுவான் என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் மகள் கதவு மறைவில் நின்று புடவை முந்தானை மாதிரி துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போக வேண்டும். முகம் முழுக்க அதுதான் எழுதியிருந்தது. போகாவிட்டால் அடுத்த வருடம் இதே படங்கு அவள் இடுப்பிலும் ஏறும் என்பது குருவம்மாளுக்குத் தெரியாதா?

யாக்கோபு எழுந்திருக்கும்போது சொன்னார்: "பாண்டி சார் கூட வருமெங்கில் வரட்டே. அங்க அசிஸ்டன்ட் போஸ்ட் ஒழிவுண்டு. திங்களாழ்ச்சைக்குள்ள பறயணும்."

சாருக்கும் அங்கே வேலை காலியிருக்கிறது, திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்ற அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சார் கூட இருந்தால் போதும். பிள்ளைக்குக் கால் ஒடிந்தாலும் கை ஒடிந்தாலும் நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். அந்த ஒன்றுதான் அவளுக்கு உறுதியாகத் தெரியும். அன்று சாயங்காலமே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள்.

"சார், நீங்க கூடப் போனீங்கன்னா நான் கண்ண மூடிக்கிட்டு அனுப்பிருவேன். நீங்க இல்லன்னா எம்மவ இங்கனயே கொழுந்து எடுக்கட்டும்."

அவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"எனக்கும் ஆசைதாம்மா. மோனிஷா மாதிரி ஒரு புள்ள இனி கெடைக்காது. ஆனா நான் எப்படிப் போக? ஒரு புள்ள இன்னும் வரலையே."

சொல்லும்போது அவர் குரலில் சோகமெல்லாம் இல்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். குருவம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமான ஒரு பொறாமையும் வந்தது. செத்துப்போனவளுக்கு இத்தனை காவலா? உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்கு யார் காவல்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் மைதானத்துக்குப் போகவில்லை. பின்பக்கத்துப் படி வழியாக மேல் வளைவுக்கு ஏறி, ரோட்டோரத் தேயிலைக்குள் உட்கார்ந்துகொண்டாள். மஞ்சு முகத்தில் ஈரமாக அப்பியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். காலடிச் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன, ஆள் தெரியவில்லை. மோனிஷா பதில் சொன்ன குரல் கையெட்டும் தூரத்தில் கேட்டபோது மகளைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. பிறகு எல்லாச் சத்தமும் கீழே இறங்கி அடங்கியது.

"ஆனந்தி!"

குருவம்மாள் முந்தானையால் முகத்து ஈரத்தைத் துடைத்தாள். பெரட்டில் எத்தனை பேருக்குக் கொடுத்த குரல்! இதுவும் அதுபோலத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொண்டையை இறுக்கி, மெல்லிசாக்கி, ஓடி வந்தவளைப் போல மூச்சை வாங்கி வாங்கிக் கத்தினாள்.

"வந்துட்டேன் சார்!"

கீழே சத்தமே இல்லை. பிறகு அந்த விசில் கேட்டது. நீளமாக, நடுவில் ஒருமுறை உடைந்து, மறுபடி எடுத்து, மலை முழுக்கப் பரவி நின்றது. குருவம்மாள் செடிக்குள்ளேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவம் செய்துவிட்டோமா புண்ணியம் செய்துவிட்டோமா என்று அவளுக்கே புரியவில்லை.

அன்று மத்தியானம் சார் தேடிக்கொண்டு வந்தார். நெடுநாள் காய்ச்சல் விட்டவரின் முகம். "கேட்டியாம்மா? வந்துட்டா. அந்தச் சத்தம் போதும் எனக்கு" என்றார். "கேட்டேன் சார்" என்றாள். அவர் யாக்கோபுக்குப் போன் செய்துவிட்டதாகவும், நாளைக்கே கிளம்பலாம் என்றும் சொன்னார். மோனிஷா அவர் காலில் விழுந்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக எந்தப் பொய்யையும் சொல்லலாம் என்று குருவம்மாளுக்குத் தோன்றியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் பேச்சியம்மாள் வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. திறந்தால் சர்க்கரைப் பொங்கல். ஆனந்தி காணாமல் போனதிலிருந்து அந்த வீட்டில் இனிப்புச் செய்ததில்லை.

"ஏட்டி குருவு, எம்மவ சத்தம் குடுத்துட்டா. நான் கேட்டேன். தண்ணி பிடிக்கப் பைப்புக்குப் போனேனா, தெளிவா கேட்டுச்சு."

குருவம்மாள் வாளியைக் கையில் வாங்கிக்கொண்டாள். "மைனி, அது..." என்றாள்.

"தொண்டை கொஞ்சம் கட்டிக் கெடக்கு" என்றாள் பேச்சியம்மாள். "இத்தன வருசம் மஞ்சுக்குள்ள கெடந்தா கட்டாதா? சுக்கும் மிளகும் தட்டி வெச்சிருக்கேன். வந்ததும் குடுக்கணும்."

சொல்லிவிடு என்று மனசு ஒரு பக்கம் இடித்தது. சொன்னால் சார் காதுக்குப் போகும், சார் நின்றுவிடுவார், மகள் நின்றுவிடுவாள். குருவம்மாள் பொங்கலை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். தித்திப்பே தெரியவில்லை.

மறுநாள் ஜீப் கிளம்பியது. மோனிஷா ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, விடும்போது விரல் ஒவ்வொன்றாக விட்டாள். முன் சீட்டில் சார் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒருமுறைகூட மேல் வளைவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் மகள் போனில் பேசினாள். கட்டில் கிடைத்துவிட்டதாம், சோறு நன்றாக இருக்கிறதாம், சார் பக்கத்துக் கட்டடத்திலேயே இருக்கிறாராம். குருவம்மாள் அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பெரட்டுக்குப் போகிற வழியில், காலியான மைதானத்தில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் துவைத்து மடித்த ஒரு துண்டு. மஞ்சு அவளுடைய முழங்கால் வரைக்கும் தேங்கியிருந்தது.

"கூப்பிடுட்டி" என்றாள்.

"ஆரை மைனி?"

"எம்மவளைத்தான். நேத்து பூரா காத்திருந்தேன், கீழ இறங்கல. கூப்பிடாம எப்படி வருவா? நான் கூப்பிட்டா வரமாட்டா, பெத்தவ கூப்பிட்டு எந்தப் புள்ள ஒரு குரல்ல வந்துச்சு? சாரும் போயிட்டாரு. உனக்குத்தான் நல்ல தொண்டை. கூப்பிடு."

குருவம்மாள் மாட்டேன் என்று சொல்லத்தான் பார்த்தாள். ஆனால் யோசித்தபோது இது ஒரு வழியாகவும் பட்டது. கூப்பிடலாம். அன்று மேலிருந்து பதில் சொன்னவள் தானே, இதோ இங்கே நிற்கிறாள். ஒன்றும் வராது. பேச்சியம்மாள் அழுவாள், கட்டிப் பிடித்துக்கொள்ளலாம், அதோடு முடிந்துபோகும். முடித்துவிட வேண்டும் என்று அவள் உண்மையாகவே விரும்பினாள். கையை வாயருகே குவித்துக்கொண்டாள்.

"ஆனந்தி!"

மஞ்சு அசையாமல் நின்றது. பேச்சியம்மாள் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். குருவம்மாள் மெல்ல அவள் தோளில் கை வைக்கப் போனாள்.

"வந்துட்டேன் சார்!"

மேல் வளைவிலிருந்து வந்தது. இறுக்கிப் பிடித்த தொண்டை. ஓடி வந்ததுபோல வாங்கி வாங்கி விட்ட மூச்சு. 'சார்' என்ற இடத்தில் லேசாக ஒரு பிசிறு. அது குருவம்மாளுடைய குரல். தன் குரல் அவளுக்குத் தெரியாதா? அவள் கையை எடுத்துத் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். வாய் மூடித்தான் இருந்தது.

"மைனி, போகாதீங்க" என்று சொல்ல நினைத்தாள். சத்தம் வரவில்லை. இன்னொருமுறை முயன்றாள். தொண்டைக்குள் காற்று மட்டும் போய் வந்தது.

மேலே ரோட்டில் காலடிகள் இறங்கத் தொடங்கின. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்தபடி. பேச்சியம்மாள் துண்டை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, குளித்து வருகிற குழந்தையை வாங்கப் போகிறவளாக மேட்டில் ஏறி ஓடினாள். மஞ்சு அவளை இடுப்பு வரைக்கும், பிறகு தோள் வரைக்கும் எடுத்துக்கொண்டது. விரித்த துண்டின் வெள்ளை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டிருந்தது.