போட்டனுங்க, போட்றனுங்க

கான்ட்ராக்டர் குமாரசாமி எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்:

"ஊட்டுக்காரரை வரச் சொல்லுங்க அம்மணி. அவருகிட்டப் பேசிக்கறேனுங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, வாய் நிறைய 'ங்க'தான். ஆனால் எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. நான் சத்துணவு அமைப்பாளர். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தத்தையும் வரிசையாக உட்கார வைத்து, சண்டையில்லாமல் சோறு போட்டு அனுப்புகிறவள். வீட்டுக்குள் ஒரு பாத்ரூம் கட்டுவதைப் பற்றி என்னோடு பேச முடியாதாமா?

"அவரு பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சுட்டு இருக்காருங்க. பாத்ரூம் கட்டறது நானுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

பாத்ரூம் என் அம்மாவுக்காக. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாள். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அண்ணன் வீடு மாடியில். படி ஏற முடியாது. சூலூருக்கு, என் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் கெஞ்சினேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்ற ஊட்டுக் கக்கூசு கொல்லைக் கடைசியில இருக்குது. நானெங்க அத்தன தூரம் நடக்கறது? மாப்பிள்ளை என்னையத் தூக்கிட்டுப் போறதா? அதுக்கு நான் இங்கியே கெடந்து செத்துப்போறேன் அமலி."

அம்மா யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவள். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன். சமையலறைக்குப் பக்கத்தில் விறகு போட்டு வைத்திருந்த அறையை வெஸ்டர்ன் டாய்லெட்டாக மாற்றுவது. அம்மா டிஸ்சார்ஜ் ஆவதற்குள் முடித்துவிடுவது.

என் வீட்டுக்காரர் பிரான்சிஸ் தங்கமான மனுஷர்தான். ஆனால் அலைச்சல் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"குமாரசாமிகிட்ட மொத்தமா உட்டுபோடலாம் அமலி. நாமளே ஆள் வெச்சா, கொத்தனார் வந்தா பிளம்பர் வரமாட்டாரு, பிளம்பர் வந்தா கொத்தனார் வரமாட்டாரு. ஒரே ஆளுன்னா நிக்க வெச்சுக் கேக்கலாமில்ல?"

"அந்த ஒரே ஆளு நானா இருந்துட்டுப் போறேனுங்க" என்றேன்.

எனக்கு அப்போது இருந்த வேகத்துக்கு ஒரு கோயிலே கட்டியிருப்பேன்! கோயமுத்தூருக்குப் போய்ப் பால் வெள்ளையில் ஒரு வெஸ்டர்ன் கோப்பை வாங்கினேன். வைக்கோல் சுற்றி, பிரான்சிஸ் கண்டக்டராக இருக்கும் பஸ்ஸிலேயே ஏற்றினேன். கூட்டத்தில் வைக்கோல் உதிர்ந்துபோய், ஜன்னலோர சீட்டில் கோப்பை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. "ஏனுங் கண்டக்டரே, இதுல உக்காந்துக்கலாமுங்களா?" என்று ஒருவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. பிரான்சிஸ் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எனக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சொந்தப் பெண்டாட்டிக்கு!

கொத்தனாராகக் காளிச்சாமி அண்ணனைப் பிடித்தேன். பிளம்பர் வேலைக்கு யூனுஸ் அண்ணன். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். விறகெல்லாம் வெளியே போனது, தரை எழுந்தது, கழிவுக் குழாய் இறங்கியது. காலையில் சோற்றுக்கு அரிசி அளந்து கொடுத்துவிட்டு ஓடிவருவேன், மத்தியானம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் திரும்ப ஓடுவேன். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த அறை கொஞ்சம் மாறியிருக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷத்தில் பசியே தெரியவில்லை.

தண்ணீர்க் குழாய் மட்டும் வெளியே தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஹெட்மாஸ்டர் வீட்டில் அப்படித்தான் பார்த்திருந்தேன். யூனுஸ் அண்ணன் சுவரைக் கொத்தி உள்ளே இரும்புக் குழாயைப் பதித்தார். இணைப்புகளில் சணலும் பெயின்ட்டும் வைத்து இறுக முறுக்க வேண்டும். அதற்கு முன்பே யாரோ கூப்பிட்டார்கள் என்று வண்டியை எடுத்துவிட்டார். நானும் காளிச்சாமி அண்ணனும் வாசலுக்கு ஓடினோம்.

எங்கள் பக்கத்து வீடு விசைத்தறிக் கூடம். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் பேசுவது காதில் விழாது, எங்கள் வீட்டு டம்ளர் வரை ஆடும்.

"யூனுஸ்ணா! பைப்பு முறுக்கியாச்சுங்களா?" என்று கத்தினார் காளிச்சாமி அண்ணன்.

யூனுஸ் அண்ணனும் வண்டியிலிருந்தபடியே கத்தினார். "முறுக்கிப்போட்டனுங்க!" என்று காளிச்சாமி அண்ணன் காதில் விழுந்தது. என் காதிலும் அதேதான் விழுந்தது. அப்புறமென்ன, அன்றைக்கே பூசி, காய்ந்ததும் நீல டைல்ஸும் ஒட்டிவிட்டார்.

யூனுஸ் அண்ணன் சொன்னது 'முறுக்கிப்போட்றனுங்க'. வந்து முறுக்கிவிடுகிறேன் என்று. எங்கள் பேச்சில் முடிந்ததுக்கும் முடியப்போவதுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு எழுத்துதான். அந்த எழுத்தைத் தறி தின்றுவிட்டது.

யூனுஸ் அண்ணன் திரும்பி வந்த அன்றைக்கு நான் ஆசையாசையாய் வால்வைத் திறந்துவிட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அந்த அமைதியில் சுவருக்குள்ளிருந்து சலசலவென்று ஒரு சத்தம் வந்தது. டைல்ஸ் இடுக்குகளில் தண்ணீர் கசிந்து இறங்கியது. யூனுஸ் அண்ணன் டைல்ஸைப் பார்த்தார். பிறகு காளிச்சாமி அண்ணனைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, நான் இன்னும் முறுக்கவே இல்லீங்களே?"

"போட்டனுங்கன்னீங்களே?"

"போட்றனுங்கன்னனுங்க!"

சண்டையைக்கூட 'ங்க' போட்டுத்தான் போட்டார்கள். நான் ஓடிப்போய் வால்வை மூடினேன். மறுநாள் காலை அம்மாவுக்கு டிஸ்சார்ஜ்.

பிரான்சிஸ் போய்க் குமாரசாமியைக் கூட்டிவந்தார். குமாரசாமி சுவரைத் தட்டிப் பார்த்தார். "மொத்தத்தையும் இடிச்சுப்போட்டு மறுக்காத்தானுங்க பண்ணோணும். நம்மகிட்ட இப்ப வேலை கெடக்குது. பொங்கல் தாண்டட்டுங்க." இதை என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அதுவரைக்கும் எங்கம்மா அடக்கிட்டு இருக்கட்டுங்களா?" என்று கேட்டேன். உள்ளே போய், மூடி போட்டிருந்த அந்த வெள்ளைக் கோப்பையின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டியது. இத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று எழுந்திருக்கப் பார்த்தேன். கை தன்னாலே பிடிமானம் தேடிச் சுவருக்குப் போனது. ஈர டைல்ஸ் வழுக்கியது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

நல்ல இடுப்பு இருக்கிற எனக்கே இந்தக் கதி. அம்மா எதைப் பிடித்து எழுவாள்? ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தால் மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டும். எதற்குப் பயந்து அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளோ, அதையே நான் அழகாக நீல டைல்ஸ் ஒட்டிக் கட்டி வைத்திருக்கிறேன்!

"யூனுஸ்ணா!" நான் போட்ட சத்தத்தில் நாலு பேரும் வாசற்படிக்கு வந்துவிட்டார்கள். "செவுத்துக்குள்ள இருக்கறது அப்படியே கெடக்கட்டும். அதுக்குத் தண்ணி போற எடத்தை அடைச்சுப்போடுங்க. புதுசா ஒரு பைப்பு, செவுத்து மேலயே, வெளிய தெரியற மாதிரி. கதவுகிட்ட இருந்து இதோ, என்ற கை இருக்குதில்ல, இந்த உசரத்துல வரோணும். தடிமனான பைப்புங்ணா!"

"வெளிய தெரியக் கூடாதுன்னீங்களே அக்கா?"

"தெரியட்டுங்க! புடிச்சுக்கறதுக்குத் தெரியத்தானே வேணும்!"

காளிச்சாமி அண்ணனுக்குச் சட்டென்று புரிந்தது. டைல்ஸைத் துளைத்து, செங்கலுக்குள் ஆழமாகக் கட்டை இறக்கி, சாதாரணமாகப் போடுவதைவிட நெருக்கமாகக் கிளாம்ப் அடித்தார். யூனுஸ் அண்ணன் குழாயை மாட்டினார். இந்த முறை ஒவ்வொரு இணைப்புக்கும் நான் பக்கத்திலேயே நின்றேன். "போட்டீங்களா, போடப்போறீங்களா? எனக்கு முழுசாச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை வாங்கினேன். கடைசியில் காளிச்சாமி அண்ணன் குழாயைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார். அசையவில்லை. வால்வைத் திறந்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பிரான்சிஸ் ஃப்ளஷ் தொட்டியின் சங்கிலியை இழுத்தார். தண்ணீர் 'ஹோ'வென்று இறங்கிய சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். குமாரசாமிகூடத் தட்டினார்.

மறுநாள் காலை அம்மா டாக்சியில் வந்து இறங்கினாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், நேராக அந்த அறைக்குப் போனாள். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். கையை நீட்டிக் குழாயைப் பிடித்தாள். ஆட்டிப் பார்த்தாள். நான் பின்னாலேயே நுழையப் போனேன். அம்மா உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கணக்குத் தீர்க்க வந்திருந்த காளிச்சாமி அண்ணன், யூனுஸ் அண்ணன், பிரான்சிஸ், நான், எல்லோரும் மூச்சு விடாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏன் அமலி!" உள்ளேயிருந்து அம்மா அதட்டினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அதட்டல் குரலை நான் கேட்கவே இல்லை. "கதவுகிட்ட எத்தன பேரு நிக்கறீங்க? வெக்கமா இல்ல? போயி அவங்கவங்க வேலையப் பாருங்க!"

நாங்கள் நாலு பேரும் விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினோம்.